எதிர்ப்பக்கம் போன மாப்பிள்ளை

மாப்பிள்ளை செய்த குற்றம் இதுதான். தெரிந்த முகம் எதிரே வந்தால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவான். குரைப்பதில்லை. கடிப்பதில்லை. அடுத்தவர் வாசலில் காலைத் தூக்குவதுகூட இல்லை. ஆனால் ஒரு மனிதர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து வாயைத் திறக்கிற நேரம் பார்த்து, கயிற்றின் மறுமுனையில் இருப்பவரையும் இழுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான். திறந்த வாயை அந்த மனிதர் கொட்டாவி விட்டுத்தான் மூட வேண்டியிருக்கும்.

மாப்பிள்ளை என்பது நாய். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியது. பெயர் வைத்தவர் வீட்டுக்கார அம்மா. வேளாவேளைக்குச் சாப்பாடு, கூப்பிட்டால் உடனே வராத கெத்து, இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் போய் உட்காரும் உரிமை, இத்தனையும் உள்ளவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். அந்த அம்மா இப்போது இல்லை. மாரிக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

மிச்சம் இருப்பவர் அவருடைய கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் அரைத்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். மனைவி போன பிறகு அவருக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தார். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ, அப்படி ஆள் முழுவதும் இருந்தார். சாப்பிட்டார், லென்ஸ் அரைத்தார், படுத்தார், எழுந்தார். ஒன்றும் உறைக்கவில்லை.

உறைத்தது ஒன்றே ஒன்றுதான். "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்வி. "இருக்கேன்" என்றால் "மனசைத் தேத்திக்கங்க" என்பார்கள். "நல்லா இருக்கேன்" என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆகவே, தூரத்தில் ஆளைப் பார்த்ததும் கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்தார். மாப்பிள்ளை ஒன்றும் அசடு இல்லை. முதலில் அவர் கால் திரும்பியதும் திரும்பினான். பிறகு கயிறு இறுகினாலே திரும்பினான். கடைசியில், அவர் பார்ப்பதற்கு முன்பே தெரிந்த முகங்களைத் தானாகக் கண்டுபிடித்துத் தெருவைக் கடந்தான். கண்ணாடிக்காரருக்கு இது மிகவும் வசதியாகப் போயிற்று. மரியாதை தெரியாதது நாய். அவர் வெறுமனே இழுபட்டவர்.

இந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது மாடிவீட்டாரால். கண்ணாடிக்காரரின் வீட்டுக்கு மேல் வீட்டில் இருப்பவர். ஏதோ ஓர் அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் உள்ளே நுழைந்தால் முப்பது நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்குமாம். இப்போது ஒரு நாய் தன்னைப் பார்த்ததும் ஒதுங்கிப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. நேரே நடை ஒழுக்க வாரியத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார்.

அப்படி ஒரு வாரியம் இருப்பது, விசாரணைக்கு நாயோடு வரச் சொல்லிக் கடிதம் வந்த அன்றுதான் கண்ணாடிக்காரருக்குத் தெரியும். நடைபாதையில் நாய்கள் சண்டை போடாமல் பார்த்துக்கொள்ள எப்போதோ தொடங்கியது. நாய்கள் சண்டையை நிறுத்திவிட்டன. வாரியம் நிற்கவில்லை. கட்டடம் வந்தது, தலைவர் வந்தார், தலைவருக்குக் கார் வந்தது. 'கயிற்றின் இரு முனையிலும் ஒழுக்கம்' என்று வாசலில் பித்தளை எழுத்துகள் வந்தன. அதற்குக் கீழே 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்று இன்னொரு பலகை.

விசாரணை நாளில் மாப்பிள்ளையோடு போய் நின்ற கண்ணாடிக்காரரை வாசல் காவலாளி மறித்தார்.

"நாயை உள்ள விடக்கூடாதுங்க."

"நாயோடதான் வரச் சொன்னாங்க."

"வரத்தான் சொல்லியிருக்காங்க. விடக்கூடாதுன்னும் சொல்லியிருக்காங்க. ரெண்டையும் சொன்னது ஒரே ஆளு. நான் யாரைங்க கேக்கிறது?"

காவலாளி சொன்னதில் நியாயம் இருந்தது. மாப்பிள்ளையைச் சைக்கிள் கம்பியில் கட்டிவிட்டுக் கண்ணாடிக்காரர் மட்டும் உள்ளே போனார்.

தலைவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். பேசுவதற்கு முன் மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்து, பேசிய பிறகு யாராவது தலையாட்டுகிறார்களா என்று பார்த்துக்கொள்வார். பக்கத்தில் ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். தலைவர் பார்ப்பதற்கு முன்பே தலையாட்டுகிறவர்.

"நாய்ங்கிறது என்ன? வளர்க்கிறவரோட நகல்," என்று ஆரம்பித்தார் தலைவர். "வளர்க்கிறவர் அவசரப்பட்டா நாய் இழுக்கும். வளர்க்கிறவர் பயந்தா நாய் குரைக்கும். நாய் நடக்கிறதைப் பார்த்தே அது யார் வீட்டு நாய்னு நான் சொல்லிடுவேன். இதுக்காகவே பல தேசம் போய்ப் படிச்சிட்டு வந்திருக்கேன்."

கண்ணாடிக்காரர் மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார். "ஐயா வீட்டு நாய் எப்படிங்க நடக்கும்?"

"என் நாயா? டிரைவர் கூட்டிட்டுப் போவார். ஹாரன் அடிச்சாத்தான் நகரும்." தண்ணீர் குடித்தார். "அது அந்த நாயோட பிறவிக் குறை."

ஆய்வாளர் பலமாகத் தலையாட்டினார்.

அடுத்து நடைத் தேர்வு. நாய் இல்லாமல் எப்படி என்று கண்ணாடிக்காரர் யோசிப்பதற்குள், அட்டெண்டர் ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். வாரியத்தின் பதிலி நாய் அவர்தான். கட்டடத்துக்குள் நாய் வரக்கூடாது, தேர்வும் நடந்தாக வேண்டும் என்பதால் ஏற்படுத்திய பதவி. கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டே பணிவாகக் கேட்டார்.

"பெரிய வகையா, சின்ன வகையா சார்?"

"நடுத்தரம்."

"மோப்பம் பிடிக்கிற பழக்கம் உண்டா? உண்டுன்னா குனியணும். இடுப்பு வலி, அதான் கேட்டேன்."

"அவ்வளவா இல்ல."

"புண்ணியமாப் போகும் சார்."

இருவரும் நீண்ட வராந்தாவில் நடந்தார்கள். பதிலி நாய் நன்றாகத்தான் நடந்தது, கேன்டீன் வாசல் வந்தபோது மட்டும் அந்தப் பக்கம் இழுத்தது. இனி தெரிந்தவர் ஒருவர் எதிரே வந்து நலம் விசாரிக்க வேண்டும். இங்கேதான் தேர்வு நின்றுபோனது. யார் முதலில் விசாரிப்பது? மேலதிகாரி முதலில் விசாரித்தால் பதவிக்கு இழுக்கு. கீழதிகாரி விசாரித்தால் அதிகப்பிரசங்கித்தனம். வராந்தாவின் கோடியில் அதிகாரிகள் வரிசையாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிலி நாய் சுவரில் சாய்ந்து ஒரு டீ குடித்து முடித்தது. கடைசியில் தலைவர் கண்ணைக் காட்ட, ஆய்வாளர் விறைப்பாக நடந்து வந்தார்.

"எப்படி இருக்கீங்க?"

கண்ணாடிக்காரரின் கை தன்னை அறியாமல் கயிற்றை ஒரு சுற்று சுற்றியது. பதிலி நாய் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"ஒதுங்குது! பார்த்தீங்களா, ஒதுங்குது!" என்றார் தலைவர்.

"ஐயா, அவர் கயிறைச் சுத்தினார், அதனாலதான் நான்..." என்று அட்டெண்டர் ஆரம்பித்தார்.

"நாய் பேசக்கூடாது."

கண்ணாடிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "அவர் சொல்றது சரிதாங்க. நாய் மேல தப்பில்ல. நான்தான் ஒதுங்கினேன். என்னைப் பார்த்துத்தான் அது கத்துக்கிச்சு," என்றார்.

"அதைத்தானே நானும் முதல்லயே சொன்னேன்!" தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நாயோட குணம் வளர்க்கிறவரால வர்றது. தப்பு முழுக்க உங்களோடது. அதனால நாயைத் திருத்தகத்துல சேர்க்கிறோம்."

"தப்பு என்னோடதுன்னா..."

"ஆளைத் திருத்தற அதிகாரம் எங்களுக்கு இல்லைங்க. எங்க சட்டத்துல நாய் மட்டும்தான் இருக்கு. கவலைப்படாதீங்க, ஒழுக்கமான கைகள்ல ஒரு மாசம் இருக்கட்டும். திருந்தினா உங்களுக்கு. திருந்தலைன்னா வேற நல்ல கைக்கு மாத்திடுவோம். அப்புறம் எங்க இருக்கு, எப்படி இருக்குன்னு தேடிட்டு வரக்கூடாது."

வாசலில் ஆய்வாளர் கயிற்றை வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவரோடு போனான். கண்ணாடிக்காரருக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. பாதி வழி வந்த பிறகுதான் வலது கை இன்னும் மூடியே இருப்பதைக் கவனித்தார். வீட்டில் நல்ல நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதில் உட்காரவில்லை. அந்த வீட்டில் அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்காமல் கூடவே இருந்தவன் அவன் ஒருவன்தான். அவனும் போய்விட்டால் பிறகு என்ன என்று யோசித்துப் பார்த்தார். யோசனை அதற்கு மேல் நகரவில்லை.

பார்வையாளர் நேரத்தில் திருத்தகத்துக்குப் போனார். வாரியக் கட்டடத்துக்குப் பின்னால் தனிக் கொட்டகை அது. இருபுறமும் மின்விசிறிகள், அவற்றுக்குக் கீழே நாய்கள். ஆய்வாளர் பெருமையோடு சுற்றிக் காட்டினார்.

ஒழுக்கமான கைகளின் பழக்கமெல்லாம் நாய்களுக்கு நன்றாகவே வந்திருந்தது. ஒரு நாயைக் கூப்பிட்டால் அது பக்கத்து நாயைப் பார்த்தது. பக்கத்து நாய் அதற்கடுத்த நாயைப் பார்த்தது. கோடியில் இருந்த நாய் சுவரைப் பார்த்தது. எதிரெதிரே வந்த இரண்டு நாய்கள், யார் முதலில் வாலாட்டுவது என்று தெரியாமல் நெடுநேரம் நின்றன. சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்பே எல்லாம் வாசலுக்குப் போய்விட்டன. சாப்பிட்டு வந்து கண்ணை மூடின. வெளியே தலைவரின் கார் வரும் சத்தம் கேட்டதும் மொத்தமாக எழுந்து விறைப்பாக நின்றன. கார் நிற்காமல் போனது. மொத்தமாகப் படுத்தன.

"திருத்தகம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு நாய்கூட நடையில தப்புப் பண்ணினதில்ல சார்," என்றார் ஆய்வாளர்.

"தினமும் நடக்கக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"நடையா?" ஆய்வாளர் பரிதாபமாகப் பார்த்தார். "நடந்தாத்தானே சார் தப்பு வரும்?"

மூலையில் மாப்பிள்ளை படுத்திருந்தான். கண்ணாடிக்காரரைக் கண்டதும் வால் மேலே எழும்பியது. எழும்பிய வால் பாதியில் நின்றது. அவன் ஆய்வாளரின் முகத்தைப் பார்த்தான். ஆய்வாளர் ஒன்றும் சொல்லாததால் வால் மெல்லக் கீழே இறங்கிவிட்டது. கண்ணாடிக்காரர் அவன் மடங்கிய காதைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்.

மாதம் முடிந்தது. தேறிய நாய்களுக்கு நீலக் கழுத்துப்பட்டை கட்டும் விழா நடந்தது. தலைவர் பேசினார். "ஒரு நாயைத் திருத்தினா ஒரு குடும்பம் திருந்தும். ஒரு குடும்பம் திருந்தினா ஒரு தெரு திருந்தும். தெருவெல்லாம் திருந்திட்டா நமக்கு என்ன வேலைன்னு சிலர் கேக்கிறாங்க. பயப்படாதீங்க. அந்த நிலைமை வராம வாரியம் பார்த்துக்கும்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கைதட்டிய ஊழியர்களில் பதிலி நாயும் இருந்தார்.

பட்டை கட்டினாலும் கடைசியாக ஒரு தேர்வு பாக்கி. வளர்க்கிறவரே நாயை அதன் சொந்தத் தெருவில் நடத்திக் காட்ட வேண்டும். புகார் கொடுத்தவர் எதிரே வருவார். நலம் விசாரிப்பார். பேச்சு முடியும் வரை நாய் அந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது. ஆய்வாளர் பின்னாலேயே வந்து கவனிப்பார்.

"ஒதுங்கிடுச்சுன்னா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"அங்கேயே கயிறை என்கிட்ட குடுத்துடணும் சார். நல்ல கை ஒண்ணு ரெடியா இருக்கு."

கிளம்பினார்கள். முதல் திருப்பத்தில் மாப்பிள்ளை நின்றுவிட்டான். யாராவது முன்னால் போகட்டும் என்று காத்திருந்தான். இரண்டு முறை கூப்பிட்டபோது காது கேட்காதவன் மாதிரி இருந்தான். ஆய்வாளர் திருப்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் தெருவின் வாசனை மூக்கில் ஏற ஏற, திருத்தகம் அவனிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. தையல் கடையைத் தாண்டியபோது அவன் பழைய மாப்பிள்ளையாகத் துள்ளி நடந்தான். கண்ணாடிக்காரரின் நடை தானாக மெதுவானது. பயம் என்பது இதுதான் என்று ஞாபகம் வர அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

மாடிவீட்டார் அலுவலகம் போன காலத்துச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு எதிரே வந்தார். வாசற்படிகளில் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

மாப்பிள்ளை அவரைப் பார்த்துவிட்டான். காது நிமிர்ந்தது. முன்னங்கால் நடைபாதையின் விளிம்புக்குப் போனது. போன காலை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணாடிக்காரரை நிமிர்ந்து பார்த்தான்.

அவருடைய விரல்கள் கயிற்றைச் சுற்றத் துடித்தன. ஒரு சுற்று சுற்றினால் போதும், எதிர்ப்பக்கம் போய்விடலாம். போனால் இவனும் போய்விடுவான். கண்ணாடிக்காரர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கயிறு தொய்ந்து தரையைத் தொட்டது. கால்களை ஊன்றி நின்றார். மாப்பிள்ளை விளிம்பில் வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்ன, எப்படி இருக்கீங்க?" என்றார் மாடிவீட்டார், பின்னால் நிற்கும் ஆய்வாளருக்கும் கேட்கிற மாதிரி.

'இருக்கேன்' என்று சொல்லத்தான் கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார்.

"அவளுக்குக் கண்ணாடி மூக்குல நிக்கலைங்க," என்றார்.

"யாருக்கு?"

"என் சம்சாரத்துக்கு. ஆஸ்பத்திரியில. ரொம்ப இளைச்சிட்டா இல்லையா, வழுக்கி வழுக்கி விழுந்திச்சு. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டறீங்க, எனக்கு மட்டும் இப்படியா, போய் சரி பண்ணிட்டு வாங்கன்னு சிரிச்சிட்டே சொன்னா. சின்ன வேலைதானேன்னு கடைக்குப் போனேன். ஸ்க்ரூவை முடுக்கினேன். போனது போனோம்னு காதுக் கம்பியைச் சூடு காட்டி வளைச்சேன். லென்ஸைத் துடைச்சேன். எடுத்திட்டு ஓடி வந்து நானே மாட்டி விட்டேங்க. அவ்வளவு அழகாப் பொருந்திச்சு. ஆடவே இல்ல." அவர் கை காற்றில் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டது. "ஆனா அவ பார்க்கல. அதுக்குள்ள போயிட்டா. நீங்க கேட்டீங்களே எப்படி இருக்கேன்னு. நல்லா இல்லைங்க. நான் நல்லாவே இல்ல."

மாடிவீட்டார் இதை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தது ஒரு வணக்கமும் ஒரு 'நல்லா இருக்கேங்க'வும்தான். "அடடா," என்றார். "மனசைத் தேத்திக்கங்க," என்றார். பிறகு, "அடுப்புல பால் வச்சிட்டு வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். அவர் வீடும் அடுப்பும் இந்தப் பக்கம்தான் இருந்தன.

ஆய்வாளர் பக்கத்தில் வந்தார். "பாஸ் சார். நாய் அசையவே இல்ல. எங்க பயிற்சின்னா சும்மாவா? தலைவர்கிட்ட நான் சொல்லி..." அதற்குள் கண்ணாடிக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தமாக அழ ஆரம்பித்துவிட்டார். இத்தனை மாதம் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. ஆய்வாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், வண்டி ஏதும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு அவரும் எதிர்ப்பக்கம் போனார்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார்கள். புதிதாகத் தெருவுக்குள் வந்தவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்த்ததும் நடையை மாற்றினார்கள். மாப்பிள்ளை எதிர்ப்பக்கத்தைப் பார்த்தான். தெரிந்த முகங்கள் அத்தனையும் அங்கேதான் இருந்தன. பிறகு கண்ணாடிக்காரரின் செருப்பின் மேல் தன் பாரத்தை வைத்து உட்கார்ந்துகொண்டான். அவர் அழுது முடிக்கும்வரை இருவரும் இந்தப் பக்கத்திலேயே இருந்தார்கள்.